கெட்டிஸ்பர்க்: ‘முடிந்தால்’ என்றால் உத்தரவா, இல்லையா?

குதிரைலாயம்:
அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையைப் பற்றி, “தெற்குத் தளபதி ஈவல் முதல் நாளே கல்லறை மேட்டைப் பிடித்திருந்தால் தெற்கு ஜெயித்திருக்கும்” என்று நேற்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். முதல் நாளான 1863 ஜூலை 1 மாலை, தெற்குப் படைத் தலைவர் லீ ஈவலுக்கு அனுப்பிய உத்தரவில் ‘முடிந்தால்’ மேட்டைப் பிடி என்றுதான் இருக்கிறது. முடியவில்லை. அவ்வளவுதான்.

பழையபீரங்கி:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ‘முடிந்தால்’ என்பது லீயின் மரியாதைப் பேச்சு. ஈவலுக்கு முன் அந்தப் படையை நடத்திய ஜாக்சன் என்றால் மேட்டில் ஏறிவிட்டுத்தான் மறுபேச்சு.

குதிரைலாயம்:
ஜாக்சன் மே மாதமே செத்துவிட்டார், எழுப்பி வருகிறீர்களா? ஈவலின் கீழிருந்த ரோட்ஸ் டிவிஷன் பகலிலேயே 2,000-க்கு மேல் ஆட்களை இழந்திருந்தது. அவருடைய இன்னொரு டிவிஷனான ஜான்சன் டிவிஷன் வந்தபோது இருட்டு. மேட்டில் வடக்குத் தளபதி ஹோவர்ட் முன்பே பீரங்கி நிறுத்தியிருந்தார். அதே உத்தரவில் ‘மற்ற படை வரும்வரை பெரிய சண்டை வேண்டாம்’ என்றும் இருந்தது. அதை ஏன் முழுங்கினீர்கள்?

ஊர்க்குருவி:
மூன்றாம் நாளை மறந்தாச்சா? சுமார் 12,500 பேரை முக்கால் மைல் திறந்த வயலில் நடக்கவிட்டவர் லீ. எம்மிட்ஸ்பர்க் சாலை வேலியில் ஏறி இறங்கும்போதே கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். அவர் கீழிருந்த தளபதி லாங்ஸ்ட்ரீட் வேண்டாம் என்றார், கேட்டாரா?

பழையபீரங்கி:
மேடு கையில் இருந்தால் மூன்றாம் நாளே கிடையாது! வீட்டில் “முடிந்தால் பால் வாங்கிட்டு வாங்க” என்றால் வெறுங்கையோடு போவீர்களா?

குதிரைலாயம்:
கடை பூட்டியிருந்தால்?

பழையபீரங்கி:
பூட்டைத் தொட்டே பார்க்கவில்லையே உங்கள் ஈவல்!

நீலச்சட்டை:
எல்லாம் தெற்குத் தளபதிகள் புராணம். பொறுப்பேற்ற மூன்றே நாளில் சண்டையைச் சந்தித்து ஜெயித்த வடக்குப் படைத் தலைவர் மீட் யார் கண்ணிலும் படவில்லை. அவர் கீழிருந்த சிக்கிள்ஸ் கேட்காமல் படையைப் பீச் பழத்தோப்புக்கு நகர்த்தி மாட்டிக்கொண்டதையும் மீட்தான் சமாளித்தார்.

பழையபீரங்கி:
சிக்கிள்ஸ் அங்கே காலையே இழந்தவர். கிண்டல் வேண்டாம்.

நீலச்சட்டை:
அவருக்குப் போனது ஒரு கால். அவர் படையில் போனது 4,000 பேருக்கு மேல்.

பழையபீரங்கி:
தெற்கின் கோட்டை நகரமான விக்ஸ்பர்க் ஜூலை 3-இல் விழுந்தது என்று போன மாதம் எழுதியவர்தானே நீங்கள்?

நீலச்சட்டை:
ஒரு நாள் பிசகு. எத்தனை மாசம் சொல்லிக் காட்டுவீர்கள்?

பழையபீரங்கி:
ஜூலை 4 என்று நீங்களே எழுதும்வரை. அப்புறம், ஈவலுக்கு வெளிச்சம் இன்னும் இருந்தது.

குதிரைலாயம்:
‘முடிந்தால்’.

பழையபீரங்கி:
வரைபடத்தோடு நாளைக்கு வருகிறேன். இருங்கள்.