விறகு ஸ்டவ்ல பேஃபிள் பலகை உடைஞ்சிடுச்சு, கம்பெனி பீஸ் தவிர வேற வழி இருக்கா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, வீட்ட சூடாக்க வச்சிருக்கற விறகு ஸ்டவ்வுக்குள்ள மேல, தீக்கும் புகைக்குழாய்க்கும் நடுவுல படுத்தாப்புல இருக்குமே பேஃபிள் பலகை, அது ரெண்டா உடைஞ்சு ஒரு துண்டு கங்கு மேலயே விழுந்து கிடக்கு. தொட்டா வெளிர் பழுப்பா மினுமினுன்னு தூள் கையில ஒட்டுது. ஒரு வாரமா அப்படியேதான் எரிக்கறேன், விறகு மடமடன்னு தீருது, ரூம்ல சூடே நிக்கல, புகைக்குழாய் மட்டும் கிட்ட போக முடியாத அளவு கொதிக்குது. கம்பெனில கேட்டா அந்த மாடலையே நிறுத்திட்டோம்ங்கறாங்க. பழைய ஸ்டாக் வச்சிருக்கற ஒருத்தர் சொல்ற விலைக்கு பாதி ஸ்டவ்வே வாங்கிடலாம். 3 மிமீ இரும்புத் தகடு ஒண்ணு வீட்ல சும்மா கிடக்கு, வெட்டிப் போட்டா தாங்குமா?

பதில் 1:
முதல்ல எரிக்கறத நிறுத்துங்க ப்ளீஸ். பேஃபிள் இல்லன்னா தீ நேரா குழாய்க்குள்ள ஏறுது, உள்ள கிரியோசோட் (புகைலேர்ந்து ஒட்டற தார் மாதிரி கசடு) படிஞ்சிருந்தா அது பத்திக்கும், அப்புறம் வீடே ஆபத்து.
தகடு வேணாம். அவ்ளோ மெல்லிசான சாதா இரும்பு அந்த சூட்டுல செதில் செதிலா உரிஞ்சு நடுவுல தொய்ஞ்சிடும். ஜிஐ ஷீட்ட (துத்தநாகம் பூசின இரும்புத் தகடு) நினைச்சுக்கூட பாக்காதீங்க, துத்தநாகப் புகை விஷம். பலகையோட வேலையே சூட்ட கீழயே பிடிச்சு வைக்கறது, பலகைக்குக் கீழ தீ எரியற இடம் 600 டிகிரி கிட்ட இருந்தாத்தான் புகைல இருக்கற வாயுவும் சேர்ந்து எரியும்.
மினுமினுக்கற தூள்னு சொன்னீங்கல்ல, அது வெர்மிகுலைட் போர்டு, அதாவது வெர்மிகுலைட்ங்கற சூடு தாங்கற கனிமத்த அழுத்திச் செஞ்ச பலகை. ஸ்டவ்வுக்குன்னே பெரிய ஷீட்டா தனியா கிடைக்கும், 1000 டிகிரி வரைக்கும் தாங்கும், மரம் அறுக்கற சாதா ரம்பமே போதும். கம்பெனி பீஸும் அதே சரக்குதான், வெட்டி பேர் போட்டு விக்கறாங்க, அவ்ளோதான்.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஒண்ணு சேர்த்துக்கறேன். உடைஞ்ச துண்ட தூக்கிப் போட்டுடாதீங்க, ரெண்டையும் அட்டை மேல சேர்த்து வச்சு பென்சில்ல சுத்தி வரைஞ்சு, அந்த அட்டைய முதல்ல ஸ்டவ்வுக்குள்ள நுழைச்சுப் பாருங்க, ஏன்னா சில ஸ்டவ்ல கதவு வழியா முழுப் பலகை போகாது, ரெண்டா வெட்டித்தான் சாய்ச்சு ஏத்தணும். சூட்டுல விரியும், பக்கத்துக்கு 2, 3 மிமீ விடுங்க. தடிமன் பழசு 25 மிமீன்னா புதுசும் 25தான், கூட்டினா மேல புகை போற சந்து குறுகி கதவைத் திறந்ததும் புகை ரூமுக்குள்ள அடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ஃபயர் பிரிக் (சூடு தாங்கற செங்கல்) நாலஞ்சு இருக்கு, அதையே மேல அடுக்கலாமா? செலவே இல்லாம போயிடுமேன்னுதான் கேக்கறேன்.

பதில் 1:
வேணாங்க. அழுத்தமான ஃபயர் பிரிக் வெர்மிகுலைட்ட விட மூணு மடங்கு கனம். உங்க பலகை, புகை வாயு எரியறதுக்குக் காத்து விடற மெல்லிசு குழாய் மேல உக்காந்திருந்தா, சிவக்கற சூட்டுல அந்தக் குழாய் வளைஞ்சிடும், அது செலவு இன்னும் பெருசு.

பதில் 3:
யாராவது செராமிக் ஃபைபர் போர்டு (சூடு தாங்கற பீங்கான் இழைப் பலகை) போடச் சொல்வாங்க, நல்ல சரக்குதான், லேசா இருக்கும், சூட்டையும் நல்லா பிடிக்கும். ஆனா அந்த இழைத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, பல நாள் வெந்த பழைய பலகைன்னா இன்னும் மோசம், அதுல சிலிக்கா படிகமா மாறியிருக்கும். கழட்டறப்ப தண்ணி தெளிச்சு நனைச்சுக்கங்க, நல்ல மாஸ்க் கட்டாயம், துடைப்பத்தால கூட்டவே கூடாது.
அப்புறம் குழாய் சுத்தம் பண்றப்ப பேஃபிள கழட்டிட்டா பண்றீங்க? பிரஷ் கம்பி மேலேர்ந்து இடிச்சுத்தான் நிறைய பலகை போகுது.

கேள்வி கேட்டவர்:
அதேதான் நடந்திருக்கு போல, போன மாசம் ஆள் வந்து குழாய் சுத்தம் பண்ணப்ப யாரும் கழட்டல. வெர்மிகுலைட் ஷீட் வாங்கி அட்டை வச்சு அறுத்துட்டேன், பத்தே நிமிஷம், ஓரத்த உப்புத்தாள்ல தேச்சதும் கச்சிதமா உக்காந்துடுச்சு. போர்டுல ஈரம் இருக்கும்னு ரெண்டு நாள் சின்னத் தீயா மட்டும் போட்டேன். இன்னிக்கு முழுசா எரிச்சேன், பலகைக்குக் கீழ தீ மெதுவா சுருண்டு சுருண்டு எரியுது, மிச்சமான ஷீட்ல இன்னொரு பலகையும் அறுத்து எடுத்து வச்சிருக்கேன்.