டப்ளினில் வாங்கிய பழைய பீட்டர்சன் சுங்கான்: பூணில் இருப்பவை வெள்ளி முத்திரைகள்தாமா?

மலைநாடன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாக இரண்டு ஆண்டுகளாக டப்ளினில் இருக்கிறேன். எனக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. ஆனால் மரத்தில் நுணுக்கமாகச் செய்த சிறு பொருள்கள் மீது சிறு வயதிலிருந்தே பற்று உண்டு. சென்ற மாதம் இங்குள்ள ஒரு பழம்பொருள் கடையில் பீட்டர்சன் நிறுவனம் செய்த வளைந்த சுங்கான், அதாவது புகையிலை பிடிக்கும் குழாய், ஒன்றைப் பார்த்து, 40 யூரோ கொடுத்து வாங்கினேன்.

புகையிலை இடும் கிண்ணத்திலிருந்து நீளும் கழுத்தின் முனையில், உலக்கைக்குப் பூண் கட்டியதைப் போல, வெண்ணிற உலோகப் பூண் ஒன்று இருக்கிறது. அதில் "கே அண்டு பி", "பீட்டர்சன்ஸ்" என்ற எழுத்துகளோடு மூன்று சிறு உருவங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று மூவிலைத் தழை, மற்றொன்று படுத்திருக்கும் நரி அல்லது நாய், மூன்றாவது உருண்டையான ஒரு கோபுரம். இவை வெள்ளிக்கு அரசு இட்ட முத்திரைகள் என்று கடைக்காரர் சொன்னார். மரத்தின் ஒரு பக்கத்தில் "சிஸ்டம்" என்ற சொல் தெளிவாக இருக்கிறது. மறுபக்கத்தில் தேய்ந்துபோன ஒரு வரியில் "ஐரிஷ் ஃப்ரீ" என்பது வரையே படிக்க முடிகிறது.

இந்தப் பூண் வெள்ளிதானா, சுங்கானின் வயது என்னவாக இருக்கும், இதைக் கைவினைப் பொருள் என்று சொல்லலாமா என்பவை என் ஐயங்கள். வாய்க்குழாய் கடுகு நிறத்தில் வெளிறிக் கிடக்கிறது, கிண்ணத்துக்குள் கரி கெட்டியாகப் படிந்திருக்கிறது. உப்புத்தாள் கொண்டு முழுவதையும் தேய்த்துப் புதிதுபோல் ஆக்கிவிடலாமா?

கடைசல்காரர்

நண்பரே, தயவுசெய்து உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள். பழைய சுங்கானில் மரத்தைவிட விலை மதிப்புள்ளவை அதன் மீதுள்ள எழுத்துகள். அவை மயிரிழை ஆழம்தான் பதிந்திருக்கும். ஒரே தேய்ப்பில் போய்விடும்.

பூண் வெள்ளியன்று, நிக்கல். தழை, படுத்திருக்கும் நரி, வட்டக் கோபுரம் ஆகிய மூன்றும் பீட்டர்சன் நிறுவனம் தன் நிக்கல் பூண்களில் அலங்காரமாகப் பொறித்தவை. உண்மையான டப்ளின் வெள்ளி முத்திரை வேறு விதமாக இருக்கும்: அமர்ந்த கோலத்தில் ஹைபர்னியா என்னும் பெண்ணுருவம், முடி சூட்டிய யாழ், ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து ஆகியவை, செய்தவரின் குறியோடு சேர்ந்து வரும். 1637இல் அரச சாசனம் பெற்ற டப்ளின் பொற்கொல்லர் சங்கத்தின் சோதனைக் கூடத்தில் பரிசோதித்த பிறகே அவை பொறிக்கப்படும். யாழ் முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று உருவங்களை வரிசையாகப் பார்த்தால் பலரும் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறார்கள்.

உங்களுக்குக் கிடைத்திருக்கும் உண்மையான செல்வம் அந்தத் தேய்ந்த வரி. "ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்" என்ற பெயரில் ஒரு நாடு 1922 டிசம்பரிலிருந்து 1937 டிசம்பர் வரைதான் இருந்தது. 1949 ஏப்ரலில் குடியரசுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு செய்யப்பட்டவற்றில் "ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து" என்ற வரி வந்துவிடும். ஆக, வெள்ளி முத்திரையின் ஆண்டெழுத்து இல்லாமலேயே, நாட்டின் பெயர் மாறிய வரலாறே உங்கள் சுங்கானுக்குப் பிறப்புச் சான்றிதழாகிறது. பழைய அச்சு தேயும்வரை பட்டறையில் அதையே தொடர்ந்து பயன்படுத்துவது எந்தத் தொழிலிலும் உண்டு என்பதால், ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கலாம் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். இருட்டறையில் கைவிளக்கைப் பக்கவாட்டில், மரத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அப்படியும் தெரியவில்லையென்றால் விரல் நுனியில் சிறிது முகப்பவுடரைத் தொட்டு எழுத்தின் மீது தடவித் துடையுங்கள். பள்ளத்தில் தங்கும் வெண்மை எழுத்தைக் காட்டிவிடும்.

கைவினையா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்வது கடினம். கிண்ணத்தைக் கடைவது இயந்திரம்தான். அதன் பிறகு மரத்தைத் தேர்ந்து பிரிப்பது, பூண் பொருத்துவது, வாய்க்குழாயைச் சூடேற்றி வளைப்பது, சாயமும் மெருகும் ஏற்றுவது எல்லாம் கையால் நடப்பவை. இதைவிட எனக்கு வியப்பளிப்பது உள்ளமைப்பு. ரீகாவிலிருந்து டப்ளினுக்கு வந்த சார்லஸ் பீட்டர்சன் 1890இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது, உங்கள் சுங்கானில் உள்ள "சிஸ்டம்" என்ற சொல் குறிப்பது அதைத்தான். புகை செல்லும் துளைக்குக் கீழே கழுத்துக்குள் ஒரு சிறு குழி இருக்கும். புகையிலை எரியும்போது உண்டாகும் ஈரம் அங்கே தேங்கிவிடுவதால் வாய்க்கு வறண்ட புகைதான் வரும். 1898இல் அவர் வாய்முனையின் துளையை மேல்நோக்கித் திருப்பி இன்னொரு காப்புரிமை பெற்றார். புகை நாக்கைத் தாக்காமல் மேலண்ணத்தில் படும். பூணும் அழகுக்காக வந்ததன்று. இவ்வகையில் வாய்க்குழாய் ஆப்பைப் போலக் கூம்பியிருக்கும். அதை அழுத்திச் செருகும்போது கழுத்து பிளக்காமல் காப்பது பூண்தான்.

பழம்பொருள் பிரியை

கடைசல்காரர் ஐயா சொன்னதை நான் பட்டறிந்தவள். லண்டனில் செய்யப்பட்ட என் முதல் சுங்கானை, விளிம்பில் இருந்த சூட்டுக்கறையைப் போக்கத் தொடங்கிக் கழுத்துவரை உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். மரம் கண்ணாடிபோல் மின்னியது. ஆனால் அது எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதைக் காட்டிய சிறு எண் நிரந்தரமாக அழிந்தது. இன்றும் அதை எடுக்கும்போது கட்டைவிரல் அந்த வழவழப்பான இடத்தைத்தான் முதலில் தேடுகிறது.

சுத்தம் செய்யும் முறையைச் சொல்கிறேன். வாய்க்குழாயை நேராக இழுக்காமல், மெதுவாகத் திருகியபடி கழற்றுங்கள். பஞ்சு சுற்றிய கம்பியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து உள்ளே விட்டெடுங்கள். பஞ்சு வெள்ளையாக வரும்வரை செய்ய வேண்டும், ஒரு மாலைப் பொழுது முழுவதும் பிடிக்கலாம். ஈரம் தேங்கும் அந்தக் குழியைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், நாற்றத்தின் பெரும்பகுதி அங்கேதான் குடியிருக்கும். ஆல்கஹால் ஒரு சொட்டுகூட வெளிமரத்தில் படக்கூடாது. சாயத்தையும் மெருகையும் கரைத்துவிடும். கிண்ணத்தின் கரியைக் கத்தியால் சுரண்டாமல், விரலில் சுற்றிய முரட்டு உப்புத்தாளால் உட்புறத்தை மட்டும் வட்டமாகத் தேயுங்கள். உப்புத்தாளுக்கு மரத்தில் அனுமதியுள்ள ஒரே இடம் அதுதான்.

வாய்க்குழாய் வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டு மேற்பரப்பு சிதைவதால்தான் அந்தக் கடுகு நிறம் வருகிறது. 400ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000, 2000 என்று படிப்படியாக நைசான தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் உள்ளிருக்கும் கருமை வெளிப்படும். வாய்முனைத் துளையின் ஓரம் மழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீட்டர்சனின் சிறப்பே அந்த ஓரம்தான். வெந்நீரில் மட்டும் ஊறவைத்துவிடாதீர்கள். சூட்டில் வளைத்த குழாய், சூடு பட்டதும் நிமிரப் பார்க்கும்.

தென்காற்று

ஒரு திருத்தம். கரியை முழுவதும் எடுப்பது, அவர் புகைக்கப் போவதில்லை என்பதால் சரி. புகைப்பவர்கள் ஒரு நாணயத்தின் கனத்துக்குக் கரியை விட்டுவைப்பார்கள், அது மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். நான் வாரம் ஒரு முறை புகைத்துவந்து, வாய்ப்புற்றுநோய் அச்சத்தால் விட்டுவிட்டேன், சுங்கான்களை விடவில்லை. நெருப்பு இல்லாமலும் அவற்றை ரசிக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிண்ணத்தின் மரத்தைப் பாருங்கள். அது பிரையர், மத்தியதரைக் கடலோரப் புதர் ஒன்றின் வேர்முண்டு. அந்த முண்டைத் தோண்டியெடுத்து, வெடிக்காமலிருக்க ஈரம் காயவிடாமல் வைத்து, அறுத்துப் பல மணி நேரம் நீரில் வேகவைத்து, பின்பு மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். நெருப்பைத் தாங்கும் மரம் அப்படித்தான் உருவாகிறது. ஒரு பக்கம் நேர்க்கோடுகளாக ஓடும் அதே இழை, குறுக்குவெட்டாகத் தெரியும் பக்கத்தில் சிறு புள்ளிகளாக மாறும். அந்தப் புள்ளிகளைப் பறவைக்கண் என்பார்கள். கோபன்ஹேகனில் சுங்கான் செய்த சிக்ஸ்டன் இவார்சன் போன்றவர்கள் இழை எப்படி ஓடுகிறதோ அதற்கேற்பவே வடிவத்தை அமைத்தார்கள். கைவினை என்ற சொல்லை நான் தயக்கமின்றிப் பயன்படுத்துவது அங்கேதான். அவருடைய மகன் லார்ஸும் பேத்தி நன்னாவும் அதே தொழிலைச் செய்தவர்கள்.

துடைத்து முடித்ததும் சன்னலோரத்தில் வைக்காதீர்கள். ஒரே கோடையில் கடுகு நிறம் திரும்பிவிடும்.

மலைநாடன்

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. பூண் வெள்ளியில்லை என்று அறிந்ததில் சிறிதும் வருத்தமில்லை. நேற்றிரவு விளக்குகளை அணைத்துவிட்டுக் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பவுடர் தடவித் துடைத்ததும் முன்பு படித்த சொற்களுக்குப் பின்னால் "ஸ்டேட்" என்பதன் முதல் மூன்று எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. மீதி உண்மையாகவே தேய்ந்துவிட்டது. உட்குழியில் விட்ட பஞ்சு இருபது தடவைக்கு மேல் டிகாக்ஷன் நிறத்தில் வந்துகொண்டிருந்தது, இன்னும் வெளுக்கவில்லை. வாய்க்குழாயை வரும் சனிக்கிழமை எடுத்துக்கொள்கிறேன். 2000க்குப் பிறகு கார்னௌபா மெழுகு போடுவதா, வெறும் துணியால் துடைத்தால் போதுமா என்பதை மட்டும் பிரியை அம்மா தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பழம்பொருள் பிரியை

மெழுகு கட்டாயம் வேண்டும், ஆனால் மிக மெல்லிய பூச்சாகப் போதும். பூணின் மீதும் அதே துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். இயந்திரச் சக்கரத்தில் மட்டும் காட்டாதீர்கள், நரியின் முகம் மழுங்கிவிடும்.