கோடு தொடரும் ரோபோ: முதலில் எண்ணைப் பாருங்கள்

பெங்களூரில் அல்சூர்ப் பக்கமுள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பிள்ளைகளோடு, விடுமுறை நாள்களில் தரையில் போட்ட கோட்டைப் பின்பற்றி ஓடும் கோடு தொடரும் ரோபோக்களையும், பல கிளைகள் உள்ள பாதையில் வழி தேடும் புதிர்வழி ரோபோக்களையும் ஓட்டிப் பார்த்து வருகிறேன். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: தன் சென்சார் எதைப் பார்க்கிறது என்பதை எண்ணாகக் காட்டும் ரோபோவையே வாங்குங்கள்.

இங்குள்ள மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோடு கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கிட்டுகள் பலவற்றில், அகச்சிவப்பு ஒளியைத் தரையில் வீசி, திரும்பி வருவதை உணரும் சென்சாரோடு எல்எம்393 என்ற சிப் இருக்கும். அது கறுப்பு, வெள்ளை என்ற இரண்டில் ஒன்றை மட்டுமே சொல்லும். கோட்டிலிருந்து எவ்வளவு விலகினோம் என்று தெரியாத வண்டி, இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஓடும். போலோலு நிறுவனத்தின் 3பை ரோபோவில், சுமார் 9.5 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டின் அடியில் ஐந்து சென்சார்களும் மேலே ஒரு சிறு எல்சிடி திரையும் உள்ளன. ஓடுவதற்கு முன் நின்ற இடத்திலேயே இருபுறமும் திரும்பிக் கோட்டையும் தரையையும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சென்சாரின் அளவையும் 0 முதல் 1000 வரை சீராக்கிக்கொள்கிறது. பிறகு ஐந்தையும் சேர்த்து, கோடு இருக்கும் இடத்தை 0 முதல் 4000 வரையிலான ஒரே எண்ணாகத் தருகிறது. வண்டி சரியாக நடுவில் இருந்தால் 2000. அந்த எண் கண்முன் ஓடும்போது, விலகலுக்கு ஏற்ப மோட்டார் வேகத்தைத் திருத்தும் பிஐடி முறையை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியவைத்துவிடலாம்.

இதன் அருமை ஒரு மாலையில் நன்றாகத் தெரிந்தது. பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பி விரித்து, அதன் வெள்ளைப் பின்புறத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் பாதை ஒட்டியிருந்தோம். காலையெல்லாம் ஒழுங்காக ஓடிய வண்டி, மேற்குச் சன்னலை ஒட்டிய வளைவில் மட்டும் தவறாமல் வழி மாறியது. புரோகிராமைத் திருத்த உட்கார்ந்த பெண்ணிடம், "மோட்டாரை நிறுத்திட்டுக் கையால தள்ளிப் பாரும்மா" என்றேன். தள்ளிக்கொண்டே போனவள், "அங்கிள், டேப் மேலதான் நிக்குது, ஆனா வெள்ளைன்னு காட்டுது" என்றாள். சாய்ந்து விழுந்த வெயிலில் உள்ள அகச்சிவப்பு ஒளி தட்டின் அடிவரை புகுந்து, டேப்பிலிருந்தே ஒளி திரும்பி வருவதுபோலச் சென்சாரை ஏமாற்றியிருந்தது. சன்னலுக்குத் திரைச்சீலை போட்டதும் எண் பழையபடி கறுப்புக்கு உரிய அளவுக்கு ஏறியது. புரோகிராமில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

கோடுகளால் போட்ட புதிர்வழியிலும் ரோபோவின் எல்சிடி திரைதான் ஆசான். 'இடது கையைச் சுவரிலிருந்து எடுக்காதே' என்ற விதிப்படி ஓடும் ரோபோ, ஒவ்வொரு சந்தியிலும் செய்ததை எழுத்தாகக் குறித்துக்கொள்ளும்: இடம் எல், வலம் ஆர், நேர் எஸ், முட்டுச்சந்தில் திரும்பினால் பி. 'எல்-பி-எல்' என்று பதிவானால், இடப்பக்கம் போய், முட்டித் திரும்பி, மீண்டும் இடப்பக்கம் போயிருக்கிறது. அதாவது முதலிலேயே நேராகப் போயிருக்கலாம். பிள்ளைகள் இதைத் தரை ஓடுகளின் மேல் நடந்தே கண்டுகொண்டார்கள். பிறகு கணக்காகவும் காட்டினேன்: வலம் 90, திரும்புதல் 180, இடம் 270 பாகை, மூன்றையும் கூட்டி 360-இன் மடங்குகளைக் கழித்தால் மிஞ்சுவதே சரியான திருப்பம். 'எல்-பி-எஸ்' என்றால் 270-உம் 180-உம் சேர்ந்து 450. 360 போக 90, ஆகவே வலம். நடுவில் பி வரும் மூன்றெழுத்துகள் இப்படிச் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் முட்டுச்சந்தே இல்லாத பாதை திரையில் நிற்கும். இரண்டாவது ஓட்டத்தில் ரோபோ அதன்படியே நேரே முடிவுக்குப் போய்விடுகிறது.

பாதை எங்கேனும் வளையமாகச் சேர்ந்தால் இந்த முறை செல்லாது. சிறு ரோபோக்கள் தாமே வழி தேடிப் புதிர்வழியின் நடுவை எட்ட வேண்டிய மைக்ரோமவுஸ் போட்டிகளின் வழக்கமான களத்தில், அதாவது 18 செ.மீ. கட்டங்கள் 16-க்கு 16 உள்ள சுவர்ப் புதிரில், நடுவிலிருந்து ஒவ்வொரு கட்டமும் எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்று எண்ணிட்டு, புதுச் சுவர் தென்படும்போதெல்லாம் எண்களை மாற்றிக்கொண்டே போகும் வெள்ள நிரப்பு முறை வேண்டும். 3பையின் திரையில் அத்தனை கட்டங்களுக்கு இடமில்லை என்பதால், இப்போது பிள்ளைகள் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் எண்ணிட்டு, அழித்து அழித்து எழுதிப் பழகுகிறார்கள்.