பேட்டர்சன் அருவி: போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

மீன்கொத்தி:
நியூ ஜெர்சிக்கு வந்து 4 வருடமாகிறது. போன வாரம்தான் குழந்தைகளோடு பேட்டர்சன் அருவிக்குப் போனோம். பசேயிக் ஆறு 77 அடி உயரத்திலிருந்து விழும் என்று படித்துவிட்டுப் போனால், ஆகஸ்ட் வெயிலில் பாறையோரம் கொஞ்சம் தண்ணீர்தான் வழிந்தது. சுற்றிலும் பாழடைந்த ஆலைகள். அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். இதற்கா தேசியப் பூங்கா?

தறிவீட்டுப்பிள்ளை:
அருவியைப் பார்த்தீர்கள், சரி. கால்வாய்களைப் பார்த்தீர்களா? 1791-இல் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் ஹாமில்டன் முன்னின்று ஒரு கம்பெனி தொடங்கினார். இந்தத் தண்ணீரை நம்பித்தான் மறு வருடம் ஊரே உருவானது. ஆற்று நீரை அருவிக்கு மேலேயே திருப்பி, மூன்று மட்டங்களில் கால்வாய் வெட்டினார்கள். மேல் ஆலையின் சக்கரத்தைச் சுற்றிய நீர் கீழ்க் கால்வாயில் இறங்கி, அடுத்த ஆலையையும் ஓட்டும். பருத்தி, கோல்ட் (Colt) கம்பெனித் துப்பாக்கி, ரயில் இன்ஜின், அப்புறம் பட்டு. எல்லாம் அங்கே செய்ததுதான்.

மீன்கொத்தி:
செய்தார்கள், லாபம் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அருவிக்கு எதிரே ஹாமில்டனுக்குச் சிலை இருக்கிறது. அங்கே உழைத்தவர்களுக்கு என்ன இருக்கிறது? முதலாளிகளின் பெருமையைப் பார்க்க நான் ஏன் குழந்தைகளை இழுத்துக்கொண்டு போக வேண்டும்?

தறிவீட்டுப்பிள்ளை:
அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் உழைத்தவர்களின் கதையும் அங்கேயே இருக்கிறது. என் அப்பா ஆரணியில் பட்டு நெய்தவர். இங்கே வந்திருந்தபோது கூட்டிப்போனேன். அருவியை ஒரு நிமிடம் பார்த்தார். ஆலைச் சுவரருகே நின்று, "ஆளுக்கு எத்தனை தறிப்பா?" என்று கேட்டார். 1913-இல் அந்த ஊரே சண்டை போட்டது அதற்காகத்தான். இரண்டு தறி ஓட்டியவரை நான்கு ஓட்டச் சொன்னார்கள். அதை எதிர்த்தும் 8 மணி நேர வேலை கேட்டும் பட்டுத் தொழிலாளர்கள் சுமார் 5 மாதம் வேலைநிறுத்தம் செய்து, தோற்றார்கள். ஊருக்குள் கூட்டம் போட விடவில்லை என்று பக்கத்து ஹேல்டனில் பொட்டோ (Botto) என்ற நெசவாளர் வீட்டு முன்னால் திரண்டார்கள். மாடியில் நின்று தலைவர்கள் பேசினார்கள். அந்த வீடு இன்று தொழிலாளர் அருங்காட்சியகம்.

மீன்கொத்தி:
இது எனக்குத் தெரியாது. ஹேல்டனுக்குக் கட்டாயம் போகிறேன். ஆனாலும் ஆகஸ்டில் அருவி பார்க்க யாரையும் அனுப்பாதீர்கள்.

தறிவீட்டுப்பிள்ளை:
அதை ஒப்புக்கொள்கிறேன். பனி உருகி மழையும் பெய்யும் ஏப்ரலில் வாருங்கள். குழந்தைகளுக்குக் கால்வாயை நான் காட்டுகிறேன்.