ரேஷன்ல சர்க்கரை கார்டுன்னு பக்கத்து வீட்டு அத்தைக்கு ஆயிரம் ரூபா வரல. கொரோனா டைம்ல உங்க வீட்டுக்கு இன்னா கிடைச்சுது?

வேலூர் சத்துவாச்சாரி பக்கம் நாங்க, வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறார். 2020 மார்ச் 24 சாயந்திரம் நிறுத்துன வண்டிய மே மாசக் கடைசிலதான் திரும்ப எடுத்தார். ஆட்டோக்காரங்களுக்கு நலவாரியம் மூலமா ஆயிரம் ரூபா தந்தாங்க, ஆனா இவரு வாரியத்துல பதிவே பண்ணல, நானும் எத்தனையோ வாட்டி சொன்னேன், அதனால அது இல்ல. அரிசி கார்டுக்கு வந்த ஆயிரமும் ஏப்ரல் மாச இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும்தான் எங்கள காப்பாத்துச்சு.

ஆனா நான் சொல்ல வந்தது பக்கத்து வீட்டு அத்தை கதை. சொந்த அத்தை இல்ல, நாங்க அப்படித்தான் கூப்பிடுறது. மாமா போய் ரொம்ப வருஷம் ஆச்சு, தனியா ஊதுபத்தி உருட்டி பொழைக்கறாங்க. லாக்டவுன்ல மாவும் வரல, குச்சியும் வரல, ஒரு ரூபா வருமானம் கிடையாது. தெருவுல டோக்கன் குடுக்க வந்தப்ப என் வீட்டுக்கு ஒண்ணு குடுத்துட்டு அத்தை வீட்ட தாண்டி அடுத்த வீட்டுக்கு போறாங்க. அத்தை வாசல்ல கார்ட கையில வச்சிக்கினு நிக்கறாங்க. கேட்டா சர்க்கரை கார்டாம், அரிசி கார்டுக்கு மட்டும்தான் பணமாம். மாமா இருந்த காலத்துல, நமக்கு கடை அரிசி வேணாம், சர்க்கரை கூட மூணு கிலோ வருதேன்னு அப்படி போட்டு வச்சிட்டார். அந்த ஸ்மார்ட் கார்ட வாங்கி பாத்தேன், போட்டோவுக்கு கீழ என்பிஹெச்ஹெச்னு போட்டு பக்கத்துல ஒரு எஸ், சர்க்கரை கார்டுன்னு அர்த்தம். அந்த ஒரு எழுத்துதாங்க. அத்தை படிச்சவங்க இல்ல, அத்தனை வருஷமா அது இன்னான்னே அவங்களுக்கு தெரியாது. டோக்கன் குடுத்தவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், லிஸ்ட்ல பேர் இல்லன்னா அவங்க இன்னா பண்ணுவாங்க. எங்க அரிசியில ரெண்டு படி அளந்து குடுத்தேன், அத்தை வாங்கிக்கினாங்க, ஆனா அன்னிக்கு ஃபுல்லா என் முகத்தையே பாக்கல. அதான் இன்னும் மனசுல நிக்குது.

அந்த வருஷம் டிசம்பர்ல சர்க்கரை கார்ட அரிசி கார்டா மாத்திக்க டைம் குடுத்தாங்கன்னு டிவில பாத்த உடனே அத்தைய கூட்டிக்கினு பிரவுசிங் சென்டர் போய் எழுதிப் போட்டேன். மாறிடுச்சு. பொங்கலுக்கு 2500 வந்துச்சு, 2021 மே மாசம் ரெண்டாயிரம், ஜூன்ல இன்னொரு ரெண்டாயிரமும் 14 சாமான் போட்ட பையும் வந்துச்சு.

உங்க வீடுங்கள்ல எப்படி? எழுதுங்க.

குடியாத்தத்துலருந்து:
எங்கம்மா பீடி சுத்துறவங்க. இலையும் தூளும் வந்தாதான் வேலை, ரெண்டும் நின்னுபோச்சு. ஜன்தன் அக்கவுண்ட் வச்ச பொம்பளைங்களுக்கு ஏப்ரல்லருந்து மூணு மாசம் மாசம் 500 போட்டாங்க இல்ல, அக்கவுண்ட் நம்பர் கடைசி எண்ண வச்சு நாள் பிரிச்சாங்க, 0, 1ன்னா ஒரு நாள், 2, 3ன்னா அடுத்த நாள். அம்மாவுது 7, அவங்க நாள் வர வரைக்கும் காத்திருந்து காலைல ஆறு மணிக்கே போய் வெயில்ல நின்னு பாஸ்புக் குடுத்தா, இது சாதா சேவிங்ஸ் அக்கவுண்ட், ஜன்தன் இல்லம்மான்னு திருப்பி குடுத்துட்டாங்க. ஒரே தெருவுல ஒரே வேலை செய்யற சித்திக்கு 1500 வந்துச்சு, அம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல. கஷ்டத்த பாத்து குடுக்கணும்ங்க, அக்கவுண்ட் பேர பாத்து இல்ல.

ஆம்பூர் ஷூ கம்பெனில வேலை செய்யறவன்:
2021 மே மாசம் எங்க அண்ணன் போயிட்டார். பெட் கிடைச்சு நாலாவது நாள். செத்தவங்க குடும்பத்துக்கு 50,000 தரணும்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் முடிவாச்சு, அண்ணி பேர்ல நாங்களும் போட்டோம். ஆனா ஆஸ்பத்திரி குடுத்த பேப்பர்ல நிமோனியான்னு மட்டும் இருந்துச்சு, மொத தடவ தள்ளிட்டாங்க. பாசிட்டிவ்னு வந்து 30 நாளைக்குள்ள இறந்திருந்தா கொரோனா சாவுதான்னு ரூல் இருக்குன்னு தெரிஞ்ச ஒருத்தர் சொன்னார், அப்புறம்தான் அண்ணனோட பழைய போன தேடி எடுத்து சார்ஜ் போட்டோம், டெஸ்ட் ரிசல்ட் மெசேஜ் அதுல அப்படியே இருந்துச்சு. ஆம்பூர் இப்ப திருப்பத்தூர் மாவட்டம் ஆச்சே, அங்கதான் மூணு வாட்டி அலைஞ்சோம். காசு வந்துச்சு. அப்பாவையோ அம்மாவையோ இழந்த பசங்களுக்கு மாநில அரசு அறிவிச்ச 3 லட்சத்துக்கும் பையன் பேர்ல எழுதிக் குடுத்தோம். அண்ணி அந்த போன இன்னும் சுவிட்ச் ஆஃப் பண்ண விடல.

மறுபடி நான், சத்துவாச்சாரி:
ஆம்பூர் தம்பி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியல. அண்ணிய பாத்துக்கோங்க. குடியாத்தம், அம்மா இப்பவும் பீடி சுத்துறாங்களா? நலவாரியத்துல பதிவு பண்ணலன்னா பண்ணிடுங்க, இவருக்கும் நான் பண்ணிட்டேன். அத்தைக்கு ரேஷன் மெசேஜ் வந்தா போன எடுத்துக்கினு நேரா என்கிட்டதான் வர்றாங்க, படிச்சு சொல்லுன்னு. அந்த 14 சாமான் வந்த அன்னிக்கும் வந்தாங்க, என் வீட்டு தரையில எல்லாத்தையும் பரப்பி கடுகு, சீரகம், புளி, டீத்தூள்னு ஒவ்வொண்ணா எண்ணிட்டு, ரெண்டு படி அரிசிய அளந்து என் முறத்துல கொட்டிட்டு போனாங்க.