நாய், பூனை தங்கவைக்கும் இடம் தொடங்க அனுமதி எங்கே எடுப்பது? (மட்டக்களப்பு)

வாவிக்கரை_தம்பி:
கல்லடிப் பக்கம் எங்களுக்கு ஒரு வளவு இருக்கிறது, பின்னால் பழைய கோழிக் கொட்டிலும் உண்டு. வெளிநாடு போகிற ஆக்கள், கொழும்பு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஆக்கள் எல்லாம் நாயைக் கொஞ்ச நாள் வைத்துப் பாருங்களேன் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், நானும் தங்கச்சியும் இதைக் காசு வாங்கி ஒழுங்காகச் செய்ய யோசிக்கிறோம். ஆனால் லைசென்ஸ் யாரிடம் எடுப்பது? ஒரு கந்தோரில் கேட்டால் மற்றக் கந்தோருக்குப் போகச் சொல்கிறார்கள்.

பட்டிக்காரன்:
தம்பி, நான் கால்நடைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்களை அலைய விடுவதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. நமது மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. வதை நடந்த பிறகு ஆளைப் பிடித்துத் தண்டிக்க எழுதியது அது. முன்கூட்டியே போய் கூடு போதுமா, நிழல் இருக்கிறதா என்று பார்த்து அனுமதி கொடுக்கிற ஏற்பாடு அதில் இல்லை. சட்ட ஆணைக்குழு 2006இல் விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்து கொடுத்தும் வருடக்கணக்காக இழுபட்டது, எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது: வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். இடத்துக்கான அனுமதியை மாநகர சபையில் எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் பதிலும் வாயால்தான் வரும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் அவர் சொல்கிறதைத் திகதியோடு எழுதி வாங்குங்கள். நாய்களைப் பதிவதும் 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சி சபையின் வேலைதான். விசர்நாய் ஊசி போட்ட அட்டை இல்லாத நாயை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், சொந்தக்காரர் மச்சானாக இருந்தாலும். ஊசி மருந்தில் மட்டும் கை வைக்க வேண்டாம், அது மிருக வைத்திய சபையில் பதிந்த வைத்தியருக்கு உரியது.

லெஸ்டர்_மட்டுநகரான்:
நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், இங்கே நடப்பதைச் சொல்கிறேன். 2018 ஒக்டோபரில் புது விதிகள் நடைமுறைக்கு வந்தன. நாய் தங்கவைக்கிற ஆள் வீட்டில் செய்தாலும் தொழிலாகச் செய்தால் உள்ளூர்ச் சபையிடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும். சபை ஆள் வந்து பார்த்து 1 முதல் 5 வரை நட்சத்திரம் போடுவார், அதற்கு ஏற்ப ஒரு வருடமோ இரண்டோ மூன்றோ அனுமதி கிடைக்கும். சொல்லாமலும் வருவார்கள். அந்தப் பத்திரத்தைச் சனம் பார்க்கிற இடத்தில் மாட்டி வைக்கவும் வேண்டும். அங்கே யாரும் கேட்காவிட்டாலும் அந்த விதிகளைப் பார்த்து நீங்களே ஒரு படிவம் தயாரித்து மிருக வைத்தியரைக் கொண்டு நிரப்பி மாட்டுங்களேன்.

ஆரையம்பதி_அக்கா:
தம்பி, தயவுசெய்து தனி அறை ஒன்று கட்டுங்கள். எங்கள் குட்டியை ஓர் இடத்தில் விட்டுப் போனோம், திரும்பி வந்தபோது வயிற்றோட்டம், பார்வோ என்ற வைரஸ் தொற்று என்று வைத்தியர் சொன்னார், காப்பாற்ற முடியவில்லை. அங்கே வருத்தக்கார நாயும் நல்ல நாயும் ஒரே தரையில்தான் கிடந்தன. அந்தக் கிருமி நிலத்தில் மாதக்கணக்கில் இருக்கும், வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகாது, குளோரின் வேண்டும். பார்க்க ஓர் அதிகாரி முன்பே வந்திருந்தால் அந்தக் கொட்டிலைத் திறக்கவே விட்டிருக்க மாட்டார்.

வாவிக்கரை_தம்பி:
அக்கா, மிகவும் கவலையாக இருக்கிறது. தனி அறை கட்டாயம் கட்டுவோம். கழிவுக் குழியைக் கொட்டிலுக்குப் பின்னால் வெட்டலாமா? பக்கத்து வீட்டுக் கிணறு வேலி ஓரத்தில்தான் இருக்கிறது.

பட்டிக்காரன்:
வேண்டாம் தம்பி. கல்லடி மணல் நிலம், கிணறும் ஆழமில்லை, ஊற்றுகிறதெல்லாம் நேரே கீழே இறங்கும். மார்கழி மழைக்குக் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டுவது என்று பி.எச்.ஐ.யிடமே அடையாளம் வைத்து வாங்குங்கள், பிறகு கொட்டில் தரையை உயர்த்திச் சீமெந்து போடுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் முதலே சொல்லிவிடுங்கள். சபைக்கு முறைப்பாடு போனால் முதலில் போவது அவர்களிடமிருந்துதான்.