பெற்றோல் பிரஷர் வோஷர்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பேணுவது?

உரும்பிராய்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் ஊரில் தோட்டம் செய்பவன். என்னிடம் ஒரு லாண்ட்மாஸ்டரும் மரக்கறி ஏற்றிச் செல்லும் ஒரு பட்டா வாகனமும் இருக்கின்றன. எங்கள் பகுதிச் செம்மண் சில்லுகளிலும் அடித்தட்டிலும் ஒட்டிக் காய்ந்துவிட்டால் வாளித் தண்ணீருக்கு அசைவதில்லை. அத்துடன் மாரி முடிந்ததும் மதிலும் சீமெந்து முற்றமும் பாசி பிடித்துக் கறுத்துவிடுகின்றன. சென்ற தை மாதம் அம்மா அந்த முற்றத்தில் வழுக்கி விழுந்த பிறகு, இதற்கு ஒரு முடிவு காண வேண்டும் என்று தீர்மானித்தேன்.

முன்பு வாங்கிய, நீரை அழுத்தத்துடன் பீய்ச்சிக் கழுவும் மின்சார இயந்திரம் பதினான்கு மாதங்களில் மோட்டார் எரிந்து நின்றுவிட்டது. உத்தரவாதக் காலம் கடந்துவிட்டது என்று விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். தோட்டத்தில் மின் இணைப்பும் இல்லாதபடியால், இம்முறை பெற்றோலில் இயங்கும் ஒன்றை வாங்க எண்ணுகிறேன். கடைகளில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறார்கள். அழுத்தம் 2,000 பிஎஸ்ஐ, 3,000 பிஎஸ்ஐ, 250 பார் என்று கேட்டுக் கேட்டுத் தலை சுற்றுகிறது. எந்த அளவு எனக்குப் போதும்? கிணற்றுக்குள் குழாயை விட்டு நேராகத் தண்ணீர் எடுக்கலாமா? நீண்ட காலம் உழைக்க என்ன செய்ய வேண்டும்?

கோப்பாய் மெக்கானிக்:

தம்பி, முப்பது ஆண்டுகளாக நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் அந்த ஒட்டுத்தாளில் உள்ள பெரிய எண்ணை மறந்துவிடுங்கள். அழுத்தம் அழுக்கைப் பெயர்க்கும். பெயர்த்த அழுக்கைக் கொண்டுபோவது நீரின் அளவு. நிமிடத்துக்கு 6 லீற்றர் மட்டும் தருகிற இயந்திரம் எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும், செம்மண்ணைக் கரைத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் வேலைக்கு 150 முதல் 180 பார் வரை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 9 லீற்றர் என்றால் தாராளம். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, ஆகவே 2,500 பிஎஸ்ஐ என்று எழுதியிருந்தால் அது ஏறக்குறைய 172 பார்.

இனி, சொல்லப்படும் எண் உண்மையா என்று கடையிலேயே கணக்குப் பார்க்கலாம். பாரை நிமிடத்துக்கான லீற்றரால் பெருக்கி 600 ஆல் வகுத்தால், நீருக்கு எத்தனை கிலோவாற்று வலு போகிறது என்று தெரியும். 170 பாரும் 9 லீற்றரும் என்றால் 2.55 கிலோவாற்று வருகிறது. ஹொண்டா ஜீஎக்ஸ் 160 என்ற 163 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் 3.6 கிலோவாற்று தருகிறது. பம்பியில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் இது பொருந்துகிறது. சந்தையில் இந்த எஞ்சினின் அமைப்பைப் பார்த்துச் செய்த பல எஞ்சின்கள் உண்டு. அவற்றிலும் சில நன்றாக ஓடுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

எஞ்சினைவிடப் பம்பிதான் முதலில் போகும். மலிவான இயந்திரங்களில் சாய்தட்டு வகைப் பம்பி (சாய்ந்த ஒரு தட்டு சுழன்று தண்டுகளைத் தள்ளுவது) இருக்கும். அலுமினியத் தலை, பெரும்பாலும் திறந்து திருத்த முடியாதபடி மூடியது. அது எஞ்சின் அச்சிலே நேராகப் பூட்டப்பட்டு 3,600 சுற்றில் சுழல்வதால் விரைவில் தேயும். பித்தளைத் தலையும் பீங்கான் தண்டுகளும் கொண்ட மூன்று தண்டுப் பம்பி விலை கூடியது. ஆனால் சீல்களையும் வால்வுகளையும் மாற்றி மாற்றிப் பாவிக்கலாம். மாதத்தில் இரண்டு தடவை கழுவுபவருக்கு முதலாவது வகை போதும். வாரந்தோறும் இரண்டு வாகனம், போதாக்குறைக்கு அயலவர் வாகனமும் என்றால் இரண்டாவதைப் பாருங்கள்.

கிணற்றுக்குள் குழாய் விடுவதை மட்டும் செய்ய வேண்டாம். நீரிறைக்கவே செய்த இயந்திரங்களும் 7 மீற்றருக்குக் கீழே இருந்து உறிஞ்சத் திணறும். இந்தச் சிறிய பம்பிகளோ உறிஞ்சுவதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல. நீர் போதாமல் போனால் பம்பிக்குள் குமிழிகள் தோன்றி உடைந்து, உள்ளே உலோகத்தை அரித்துவிடும். சரளைக்கல் குலுக்குவதைப் போன்ற சத்தம் கேட்டால் அதுதான் காரணம். மேல்நிலைத் தாங்கியிலிருந்து வரும் குழாயில் பத்து லீற்றர் வாளியைப் பிடியுங்கள். முக்கால் நிமிடத்துக்குள் நிரம்பினால் 9 லீற்றர் இயந்திரத்துக்கு அந்தக் குழாய் போதும்.

இன்னொன்று. பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. அந்தப் பழக்கம் இன்னும் சிலருக்கு விட்டுப்போகவில்லை. மண்ணெண்ணெய்க்கென்று செய்த எஞ்சினில் அமுக்க விகிதம், அதாவது எரியுமுன் கலவையை நெருக்கும் அளவு, குறைவு. இந்தப் பெற்றோல் எஞ்சினில் அதை ஊற்றினால் தட்டும், கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும்.

தீவகத்தான்:

கோப்பாய் அண்ணா சொன்னவற்றோடு ஒரு விடயத்தைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் வேலணைப் பக்கம் பல கிணறுகள் உவர். நான் அந்த நீரையே பாவித்து, அலுமினியத் தலை கொண்ட ஒரு பம்பியை ஒன்றரை ஆண்டில் அரித்துத் தள்ளினேன். பிழை முழுவதும் என்னுடையது. உரும்பிராயில் நன்னீர் கிடைத்தாலும் அது சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளை, பம்பியின் வால்விலும், நீர் பீய்ச்சும் முனையான நொசிலிலும் படியும். ஆகையால் வேலை முடிந்ததும் பம்பிக்குள் நீரை விட்டுவைக்கக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, நீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அழுத்தி அழுத்தத்தை வெளியேற்றி, இரு குழாய்களையும் கழற்றிய பின், ஸ்டார்ட் கயிற்றை இரண்டு மூன்று தடவை மெதுவாக இழுத்தால் உள்ளே இருக்கும் நீர் வெளியே வந்துவிடும். இப்போது மாரியில் தாங்கியில் பிடித்து வைத்த மழைநீரைக் கொண்டே கடைசி ஐந்து நிமிடங்கள் ஓட்டுகிறேன். நீர் நுழையும் வாயில் உள்ள சிறிய வலையை ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவுவதையும் பழக்கமாக்கிக்கொண்டேன்.

கரவெட்டி ஆசிரியை:

இயந்திரத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. மதிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டு மதில் சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய மதில். கழுவ வந்த தம்பி சிவப்பு நொசிலைப் பூட்டிப் பிடித்ததில், பாசியோடு பூச்சும் பாளம் பாளமாக விழுந்தது. பின்னர்தான் நிறங்களின் பொருளைக் கேட்டறிந்தேன்: நீர் விரியும் கோணம் சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சவர்க்கார நீருக்கு. பழைய பூச்சுக்கு வெள்ளையைப் பூட்டி, தள்ளி நின்று, முதலில் மூலையில் ஒரு சாண் அளவு பரீட்சித்துப் பாருங்கள். சீமெந்து முற்றத்துக்குப் பச்சை போதும். கால்களுக்குச் செருப்பு அன்றிச் சப்பாத்து அணியுங்கள். இந்த நீர்த்தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனடியாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உரும்பிராய்வாசி:

எல்லோருக்கும் நன்றி. வாளியைப் பிடித்துப் பார்த்தேன். நிரம்ப ஒரு நிமிடமும் பத்து வினாடிகளும் சென்றன. குழாய் அரை அங்குலம், நீளமோ இருபது மீற்றருக்கு மேல். இரண்டு கடைகளுக்குச் சென்று வந்தேன். ஒன்றில் 163 சிசி எஞ்சினுடன் 250 பார், 12 லீற்றர் என்று எழுதிய இயந்திரம் இருக்கிறது. மற்றதில் அதே அளவு எஞ்சினுடன் 170 பார், 9 லீற்றர். விலை சற்று அதிகம். ஐயா சொன்ன கணக்குப்படி முதலாவதற்கு 5 கிலோவாற்று வருகிறதே?

கோப்பாய் மெக்கானிக்:

வருகிறது, தம்பி, 3.6 கிலோவாற்று எஞ்சினிலிருந்து 5 கிலோவாற்று எடுக்கிற வித்தை எனக்குத் தெரியாது. இரண்டாவதை வாங்குங்கள். தண்ணீருக்கு முக்கால் அங்குலக் குழாய் போடுங்கள். அது முடியாவிட்டால், ஒரு பரலைச் சிறிய மேடையில் இயந்திரத்துக்கு அருகே வைத்து, அதன் அடியிலிருந்து குட்டையான, தடித்த குழாயில் எடுங்கள். அரை மணி நேரத்துக்கு 270 லீற்றர் செல்லும். ஆகவே பரல் வற்றாமல் தாங்கிக் குழாய் அதற்குள் விழுந்துகொண்டே இருக்கட்டும்.

பேணுவது பற்றிக் கேட்டீர்கள். எஞ்சின் ஒயில் 10டபிள்யூ-30, ஏறத்தாழ 0.6 லீற்றர், முதல் 20 மணி நேரத்தில் ஒரு தடவை, பிறகு 100 மணிக்கு ஒரு தடவை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். பம்பிக்குத் தனி ஒயில் உண்டு. அது பால்போல வெளுத்திருந்தால் சீலால் நீர் உள்ளே போகிறது என்று பொருள். செம்மண் தூசி எங்கள் பக்கத்து எயார் பில்டருக்கு எமன். கையேடு சொல்லும் காலத்துக்குக் காத்திராமல் அடிக்கடி திறந்து பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு யாருடனும் கதைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். விசையை விட்டதும் அதே நீர் பம்பிக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சூடாகும், இரண்டு நிமிடம் கடந்தால் சீல்களுக்குக் கேடு.

ஒரு மாதத்துக்கு மேல் பாவிக்காமல் வைப்பதாக இருந்தால், பெற்றோல் திறப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். என்னிடம் ஸ்டார்ட் வராமல் வரும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காபரேற்றரில் பழைய பெற்றோல் பிசினாகப் படிந்திருப்பதுதான் நோய். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டையுடன் வரிசையில் நின்று எடுத்த பெற்றோலைக் கானில் மாதக்கணக்காகச் சேமித்து வைத்தவர்கள், அடுத்த ஆண்டு காபரேற்றரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள்.

வாங்கும்போது கடைக்காரரிடம் இயந்திரத்தை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்குள்ளே அல்ல, வெளியே. புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. நீர் இணைக்காமல் இயக்க முற்பட்டால் தடுத்துவிடுங்கள்; வரண்ட பம்பி சில நொடிகளிலேயே சீலைத் தின்றுவிடும்.